மன்றோ சீஸ் விழாக் குழுவுக்கு, ஐம்பது சாண்ட்விச் கேட்டு ஒரு மடல்

கிரீன் கவுண்டி சீஸ் நாள் விழாக் குழுவினருக்கு, மன்றோ, விஸ்கான்சின், அமெரிக்கா.

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவம் தபாலில் உங்களுக்குத் தனியாக வரும். தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களுக்காக. மேடிசனிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கார் போட்டுக்கொண்டு உங்கள் விழாவுக்கு வருகிறார்கள். பொரித்த சீஸ் கட்டி ஒரு பொட்டலம் தின்கிறார்கள், நீதிமன்றக் கட்டடத்தின் மணிக்கூண்டு தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள், மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். நான் என்ன கேட்கிறேன் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. 2026 செப்டம்பரில் வரும் விழாவில் ஐம்பது சீஸ் சாண்ட்விச். எனக்கு இல்லை. யாருக்கு, எதற்கு என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில் உங்கள் செப்புக் கொப்பரையில் இருந்து தொடங்குகிறேன். விழாவில் நான் மறக்காமல் போய் நிற்கும் இடம் அதுதான். ஊர்ச் சதுக்கத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சீஸ்காரர்கள் சேர்ந்து பழைய முறையில் ஒரு ஸ்விஸ் சீஸ் சக்கரம் செய்வார்கள். முதல் தடவை பார்த்தபோது ஏதோ வேடிக்கைக்குச் செய்து காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். உறைந்த பாலைக் கம்பிகள் கட்டிய சட்டத்தால் அறுத்து அறுத்துக் கோதுமை மணி அளவுக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு பெரியவர் கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார். அழுத்தினார், பிறகு கட்டை விரலால் தேய்த்து உதிர்த்துப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கிளறச் சொன்னார். தெர்மாமீட்டர் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் அல்வா கிண்டுகிறவர் பதம் பார்ப்பது போலவே இருந்தது.

பிறகுதான் அந்தத் துணி. வளையும் இரும்புப் பட்டை ஒன்றில் துணியின் ஒரு ஓரத்தைச் சுற்றிக்கொண்டு, கொப்பரையின் வளைவோடு ஒட்டி, அடியோடு அடியாக மெல்ல உள்ளே தள்ளி, மொத்தத் திரளையும் ஒரே வாரலில் துணிக்குள் அள்ளிவிட வேண்டும். பிசகினால் திரள் உடையும். துணியின் நான்கு மூலையையும் முடிந்து, சங்கிலியில் மாட்டித் தூக்கும்போது, மஞ்சள் கலந்த நீர் சடசடவென்று கொட்டும். கூட்டம் கை தட்டும். 90 கிலோ வரைக்கும் வரும் ஒரு சக்கரம். பத்துக்கு ஒன்று என்பது சீஸ் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்த ஒரு சக்கரத்துக்குள் சுமார் 900 லிட்டர் பால் உட்கார்ந்திருக்கிறது.

அந்த 900 லிட்டரை யார் கறந்தார்கள்? எங்கே போனாலும் எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். என் பிழைப்பு அது.

நான் பால் தரம் பார்க்கிறவன். ஒரு பண்ணையின் பாலில் சொமாட்டிக் செல், அதாவது மாட்டின் உடம்பிலிருந்து பாலில் கலக்கும் வெள்ளணு போன்ற செல்களின் எண்ணிக்கை ஏறினால் மாட்டின் மடியில் எங்கேயோ மடிநோய் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கூப்பிடுவார்கள், போவேன். பகலில் போய்ப் பயனில்லை, கறக்கிற நேரத்தில் கூட நிற்க வேண்டும். பெரிய பண்ணைகளில் ஒரு நாளைக்கு மூன்று கறவை. அதில் ஒன்று எப்படியும் நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் நடுவில் வந்துவிடும். அப்படி அதிகாலை மூன்று மணிக்கு நான் பார்த்த கறவைக் கூடங்களில் ஸ்விஸ் பெயர் உள்ள ஒருவரையும் கண்டதில்லை. எல்லாம் மெக்சிகோவின் வெராகுரூஸ், சியாபாஸ் மாநிலத்துக்காரர்கள், நிகராகுவாக்காரர்கள். கூடத்துப் பள்ளத்தில் ரப்பர் பூட்ஸோடு நின்றிருப்பார்கள். தலைக்கு மேல் மாட்டுக் கால்கள். ரேடியோவில் ஏதோ ஒரு மெக்சிகோ பாட்டு.

கையைக் கவனிப்பதுதான் என் வேலை. முதலில் ஒவ்வொரு காம்பிலும் மூன்று நான்கு பீச்சு முன்பால் எடுத்து, பால் திரிந்து கட்டி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அயோடினில் காம்பை முக்கி அரை நிமிடம் விட வேண்டும். மாட்டுக்கு ஒரு துணி, ஒரு துணியை இரண்டு மாட்டுக்கு வைக்கக் கூடாது. காம்பு நுனியைத் திருகித் துடைக்க வேண்டும், அழுக்கு அங்கேதான் இருக்கும். தொட்டதிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் மெஷின் ஏற வேண்டும். மாடு சுரப்பு விட்டு அப்போதுதான் பால் தானாக இறங்கும். முந்தினால் காம்பு புண்ணாகும், பிந்தினால் பால் அடங்கிப் போகும். ஒரு ஷிப்டில் இதை ஆயிரம் தடவை செய்யும் ஆட்கள் உண்டு. ஆயிரத்தில் பத்து தடவை சோம்பினாலும் போதும், மாதக் கடைசியில் எண்ணிக்கை காட்டிக் கொடுத்துவிடும்.

கொப்பரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது உங்களில் சீஸ்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடிநோய் கண்ட பாலில் வரும் நொதிகள், சீஸாகத் திரளும் கேசின் புரதத்தைச் சிதைத்துவிடும். திரள் தளர்ந்து போகும். கொழுப்பும் புரதமும் பிடிபடாமல் தண்ணீரோடு ஓடும். அதே அளவு பாலில் சீஸ் குறையும், ருசியிலும் கசப்பு தட்டும். அமெரிக்கச் சட்டம் ஒரு மில்லி பாலுக்கு 7,50,000 செல் வரை பொறுத்துக்கொள்கிறது. அந்த எல்லையில் நிற்கும் பாலைக் கொண்டுபோய் நல்ல ஸ்விஸ் பண்ணிவிட முடியுமா என்று அந்தப் பெரியவரிடம் கேளுங்கள், என்ன சொல்வார் என்று தெரியும். விஸ்கான்சினில் சீஸ் செய்ய உரிமம் வேண்டும், அமெரிக்காவில் வேறெந்த மாநிலமும் இதைக் கேட்பதில்லை. அதற்கு மேல் மாஸ்டர் பட்டம் வேறு. அந்தப் பட்டத்துக்குப் பல வருட அனுபவமும் படிப்பும் தேவை, நியாயமான பெருமைதான். காம்பு துடைக்கிறவருக்குப் பட்டம் எதுவும் கிடையாது.

இது ஸ்விஸ் பாரம்பரிய விழா, மெக்சிகோக்காரருக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என்னிடம் நேராகவே ஒருவர் கேட்டிருக்கிறார். பதிலுக்கு உங்கள் கதையைத்தான் உங்களிடமே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1840-களில் ஸ்விஸ் நாட்டின் கிளாரஸ் மலைப்பகுதியில் விளைச்சல் பொய்த்தது, துணித் தொழிலும் படுத்தது. அரை வயிற்றுக்கே வழியில்லாத குடும்பங்களைக் கடல் கடந்து அனுப்பிவிட ஊரே சங்கம் வைத்து ஏற்பாடு செய்தது. டூர்ஸ்ட், ஸ்ட்ரைஃப் என்ற இருவர் முன்னால் வந்து இடம் பார்த்து 1,280 ஏக்கர் வாங்கினார்கள். பின்னால் கிளம்பியவர்கள் 193 பேர். வழியில் பிரிந்தவர்கள், இறந்தவர்கள் போக 1845 ஆகஸ்டில் இதே கவுண்டியின் நியூ கிளாரஸ் வந்து சேர்ந்தவர்கள் 108 பேர். கம்பளிச் சட்டையும் பூப்போட்ட கச்சையும் போட்டுக்கொண்டு அவர்கள் ஆல்ப்ஸ் மலைப்பாட்டான யோடல் பாடியபடி வந்து இறங்கவில்லை. போக்கிடம் இல்லாமல் வந்தார்கள். முதலில் கோதுமை போட்டார்கள். நிலம் சளைத்தது, பூச்சியும் விழுந்தது, விலையும் சரிந்தது. அப்புறம்தான் ஊரில் பழகிய தொழிலான மாட்டைப் பிடித்தார்கள்.

அந்த மாட்டுக்கும் அந்தச் சீஸுக்கும் மன்றோ முதலில் என்ன மரியாதை கொடுத்தது? நிக்கொலஸ் கெர்பர் என்பவர் 1868 வாக்கில் இந்த வட்டாரத்தில் லிம்பர்கர் என்ற நாற்றம் பிடித்த சீஸுக்கு ஆலை தொடங்கினார். லிம்பர்கரின் மேல்தோலில் உப்புநீர் தடவித் தடவி வளர்க்கும் பாக்டீரியாவுக்கும், நாள் முழுக்க ஷூவுக்குள் வெந்த மனிதப் பாதத்தில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் நெருங்கிய உறவு. வெயில் நாளில் லிம்பர்கர் ஏற்றிய வண்டி தெருவோடு போனால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரர்கள் வண்டிகளை மறித்துக் கொந்தளித்ததாகவும், அராபட் லட்லோ என்ற வங்கிக்காரர் இதில்தான் பணம் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லி ஊரின் வாயை அடைத்ததாகவும் இன்றும் ஒரு கதை சொல்கிறார்கள். கதையில் எவ்வளவு உப்பு புளி கூடியிருக்கிறதோ! ஆனால் அந்த நாற்றம் வெளியூரான் நாற்றமாகத்தான் வந்தது. இன்று சதுக்கத்து மதுக்கடையில் ரை ரொட்டி, லிம்பர்கர், தடிமனாக ஒரு வளையம் பச்சை வெங்காயம், கடுகுச் சாந்து என்று அதையே அடுக்கி, பக்கத்தில் ஒரு புதினா மிட்டாயும் வைத்துப் பெருமையாக விற்கிறார்கள். இன்னொன்று, லிம்பர்கர் ஸ்விஸ் சீஸே இல்லை. பெல்ஜியம் பக்கத்து லிம்பர்க் நாட்டுச் சரக்கு. அதைச் செய்த ஆலைகள் அமெரிக்கா முழுக்க ஒவ்வொன்றாக மூடிய பிறகும், மன்றோ பக்கத்துச் சாலே கூட்டுறவு பல பத்தாண்டுகள் தனியாளாகச் செய்துவந்தது. ஸ்விஸ் இல்லையே என்று யாரும் அதை விழாவிலிருந்து வெளியே தள்ளவில்லை.

(1935-ல் நடந்த தபால் சண்டை என் மகளுக்குப் பிடித்த கதை. அயோவாவின் இண்டிபென்டன்ஸ் ஊர் போஸ்ட்மாஸ்டர், மன்றோவிலிருந்து வந்த லிம்பர்கர் பார்சலை நாற்றம் தாங்கவில்லை என்று பட்டுவாடா செய்ய மறுத்துவிட்டார். மன்றோ போஸ்ட்மாஸ்டர் சும்மா விடவில்லை, டுபியூக் ஓட்டலில் எல்லார் முன்னிலையிலும் ஒரு மோப்பப் போட்டி வைத்தார். கடைசியில் பார்த்தால் அயோவாக்காரருக்கு மோப்ப சக்தியே இல்லை.)

இனி இப்போதைய நிலவரம். மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் பள்ளி 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மாநிலத்துப் பால் பண்ணை வேலையில் ஏறத்தாழ 70 சதவீதத்தைச் செய்வது ஆவணம் இல்லாத குடியேறிகள், ஆள் கணக்கில் 10,000 பேருக்கு மேல் என்றது. காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. விவசாயக் கூலிக்கு என்று இருக்கும் எச்-2ஏ விசா பருவ வேலைக்குத்தான். ஆப்பிள் பறிக்க ஆளை முறைப்படி வரவழைக்கலாம். மாடு வருடம் முழுக்கக் கறக்கும், அதற்குப் பருவம் கிடையாது, ஆகவே விசாவும் கிடையாது. நான் இங்கே சட்டம் பேச வரவில்லை. அது உங்கள் குழுவின் கையிலும் இல்லை. சாண்ட்விச்சுக்கு மட்டும் தேவையான ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். 2007 முதல் இந்த மாநிலத்தில் ஆவணம் இல்லாதவர் ஓட்டுநர் உரிமம் வாங்க முடியாது. பஸ்ஸும் இல்லாத நாட்டுப்புறம். அவர்களுக்கு மன்றோ சதுக்கம் வெறும் இருபது கிலோமீட்டர் தூரம் இல்லை. ஒவ்வொரு முறை போய்வருவதும், போலீஸ் விளக்கு பின்னால் எரிகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் ஒரு பந்தயம்.

போன விழா, 2024. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தின் முன்னால் பிரவுன் ஸ்விஸ் மாடுகளை நடத்தி வந்தீர்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், கழுத்தில் கனத்த மணி, கூட்டத்தைப் பார்த்து மிரளாத பெரிய கண்கள். மாட்டுப் பொங்கல் பார்த்து வளர்ந்தவனுக்குத் தொண்டை அடைத்தது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மா ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு மாடு வைத்து, நாலு மணிக்குக் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். மாட்டுக்கு மாலை போடும் நாளில், அதைக் கறக்கிறவருக்கும் ஒரு புதுத் துணி எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அன்று சாயங்காலம் ஒரு பண்ணையில் எனக்கு வேலை இருந்தது. சதுக்கத்தில் வாங்கிய லிம்பர்கர் சாண்ட்விச் ஒன்றைக் காகிதத்தோடு எடுத்துப் போனேன். இடைவேளையில் அங்கே மூத்த கறவைக்காரரிடம் நீட்டினேன். ஐம்பதை நெருங்கும் மனிதர், பதினொரு வருடமாக அதே கூடம். பிரித்து மோந்தவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நடைபாதையில் நொண்டிக்கொண்டிருந்த ஒரு மாட்டைக் காட்டி, அதன் குளம்பு அழுகினால் இந்த வாசனைதான் வரும் என்றார். கூட இருந்த இளைஞர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். ஆனாலும் கடித்தார். இன்னொரு கடி. டிபன் டப்பாவிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்து நடுவில் வைத்து மூன்றாவது கடி. பிறகு ரொட்டியைத் திருப்பி, சீஸைப் பார்த்து, "இது நம்ம பாலா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பண்ணைப் பால் எந்த ஆலைக்குப் போகிறது என்று தெரியும். அந்தத் துண்டுக்குள் போனதா என்று எப்படிச் சொல்வது? இருக்கலாம் என்றேன். மிச்சத்தை நான்காகப் பிய்த்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். பதினொரு வருடத்தில் ஐந்தாறு விழா நடந்திருக்கிறது, ஒன்றுக்கும் அவர் போனதில்லை. ஊர்வலம் நடக்கிற நேரத்தில் மாடு கூடத்தில் நிற்கும், யாராவது கறந்தாக வேண்டும்.

அதனால் அவர்களை மேடைக்கு அழையுங்கள், ஊர்வலத்தில் மாட்டோடு நடக்க விடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். அந்த மூத்தவரிடம் சொன்னபோது என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். இந்த வருடங்களில் தன் முகத்தையும் பெயரையும் தெருவில் காட்டச் சொல்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதை இல்லை, ஆபத்து. கௌரவிக்கிறேன் என்று சொல்லி ஒருவரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது.

ஆகவே விழா அவர்களிடம் போகட்டும். இதற்கு முன்மாதிரி உங்களிடமே இருக்கிறது. 1914-ல் மன்றோ வியாபாரிகள் சிலர் இல்லினாயின் ஃபாரஸ்டன் ஊரில் நடந்த சவர்கிராவுட் நாளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊறவைத்த முட்டைக்கோஸுக்கே ஒரு திருவிழா என்றால் நம் சீஸுக்கு என்ன குறைச்சல் என்று ஆரம்பித்ததுதான் உங்கள் விழா. அப்போது வந்தவர்களுக்கெல்லாம் சீஸ் சாண்ட்விச்சை இலவசமாகத்தான் கொடுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது பொரித்த சீஸ் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று காசு கொடுத்து வாங்குகிறோம். தப்பில்லை. அந்தப் பணம் ஊர்ச் சேவைச் சங்கங்களுக்குத்தான் போகிறது, எண்ணெய்ச் சட்டி முன்னால் வேகிறவர்களும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அந்தப் பழைய இலவசத்தில் ஐம்பதை மட்டும் எனக்குக் கட்டிக் கொடுங்கள்.

எல்லாம் லிம்பர்கராக வேண்டாம். பாதி ஸ்விஸ் வையுங்கள். மன்றோவிலேயே கெசோ ஃப்ரெஸ்கோ மாதிரி லத்தீன் வகைச் சீஸ் செய்யும் ஆலை இருக்கிறதே, அதிலும் பத்து சேர்த்தால் நல்லது. மேலே சுற்றும் காகிதத்தில் எந்த ஆலைச் சீஸ், அந்த ஆலைக்கு எந்தத் திசைப் பண்ணைகளிலிருந்து பால் வருகிறது என்று ஸ்பானிஷில் இரண்டு வரி. அந்த மூத்தவரின் கேள்விக்கு அடுத்த முறை நான் முழிக்காமல் இருக்க வேண்டும். கொப்பரைக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கப் பலகையிலும், பால் ஆலைக்கு வருவதற்கு முந்தைய பாதியை ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இத்தனை லிட்டர் பால், இத்தனை மாடு, இத்தனை கை. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம், ரொட்டிக் காசை நானே தருகிறேன். வண்டியும் என்னுடையது. எந்தப் பண்ணையில் எத்தனை மணிக்கு ஷிப்ட் மாறுகிறது, எந்த வாசலில் நாய் கட்டியிருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பண்ணைக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், இரண்டு பேர் இப்போதே சரி என்றுவிட்டார்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, கடைகளை மூடும் நேரத்தில், சதுக்கத்தின் தெற்குப் பக்கம் வண்டியை நிறுத்துகிறேன். பெட்டியில் அடுக்கித் தாருங்கள். வெங்காயத்தைத் தனியாகக் கட்டி வையுங்கள், மூன்று மணிக்குள் ரொட்டி நமுத்துவிடும். மிளகாய் அவர்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கொப்பரைக்கு முன்னால் முதல் வரிசையில் நிற்கும் பால்காரன்